களத்தில் கேட்பதும், கேட்டதைத் திருப்பிக் கொடுப்பதும்: பண்புசார் ஆய்வு, கலந்துரையாடல் வழிநடத்தல் பற்றி நிறுவனங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களிலும் மலையகத்திலும் வேலைசெய்யும் மனிதாபிமான, அபிவிருத்தி நிறுவனங்களுக்குத் தமிழில் கள ஆய்வு செய்து கொடுப்பதும், மக்களும் நிறுவனங்களும் ஒன்றாக அமர்ந்து பேசும் கூட்டங்களை நடத்திக் கொடுப்பதும் எங்கள் குழுவின் தொழில். செயற்றிட்ட முகாமையாளர்களும் மதிப்பீட்டு உத்தியோகத்தர்களும் பணி தொடங்குமுன் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறோம். சில விடைகள் நீளமானவை. பணிகள் பெரும்பாலும் பிசகுவது அந்த இடங்களில்தான்.

எங்களிடம் வினாக்கொத்து ஆய்வின் தரவுகள் ஏற்கெனவே இருக்கின்றன. அதற்கு மேல் பண்புசார் ஆய்வு எதற்கு?

எத்தனை பேர், எவ்வளவு, எத்தனை வீதம் என்பவற்றை வினாக்கொத்து சொல்லும். ஏன் அப்படி நடந்தது, அது அந்த வீட்டுக்குள் என்னவாக இருந்தது என்பதை அறிய மனிதர்களோடு உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்; அப்படிப் பேசி அறிவதே பண்புசார் ஆய்வு. நுண்கடனை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் கொடுக்கும் கம்பனிகள் ஊர் ஊராக வந்தன. கடன் பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். தவணை தவறாமல் கட்டப்படுகிறது என்பது பதிவேட்டில் நல்ல செய்தியாகவே தெரியும். ஆனால் இந்தக் கிழமைத் தவணையை எங்கிருந்து கட்டினீர்கள் என்று ஒரு பெண்ணிடம் ஆறுதலாகக் கேட்டால், இன்னொரு கம்பனியில் எடுத்த கடனிலிருந்து என்றும், அடகு வைத்த தாலிக்கொடியிலிருந்து என்றும், பிள்ளைகளின் சாப்பாட்டைக் குறைத்து மிச்சம் பிடித்த காசிலிருந்து என்றும் பதில் வரும். பதிவேட்டிலுள்ள எண்ணும் உண்மை, இந்தப் பதிலும் உண்மை; இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவருக்கு ஊரில் நடப்பது தெரியாது. பெண்கள் வீதிக்கு வந்து குரலெழுப்பிய பிறகு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாய் வரையிலான கடன்களைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாட்டை 2018இல் அரசு அறிவித்தது. அந்த நிலை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எந்த முற்றத்திலும் கேட்டறியக்கூடியதாக இருந்தது என்பதே எங்கள் கருத்து.

என்னென்ன பணிகளைச் செய்து தருகிறீர்கள்?

செயற்றிட்டம் தொடங்குமுன் செய்யும் தேவை மதிப்பீடு, நடுக்கால மதிப்பீடு, இறுதி மதிப்பீடு, ஒரு குறிப்பிட்ட கேள்விக்கான ஆழமான ஆய்வு, சமூகக் கலந்துரையாடல்களையும் நிறுவனத்தின் உள்திட்டமிடல் கூட்டங்களையும் வழிநடத்துதல், கள உத்தியோகத்தர்களுக்கு நேர்காணல் பயிற்சி ஆகியவற்றைச் செய்கிறோம். மாதிரியெடுப்புக் கணக்கு தேவைப்படும் பெரிய அளவுசார் ஆய்வுகளை நாங்கள் ஏற்பதில்லை. அதற்குத் தேர்ந்தவர்களோடு சேர்ந்து வேலைசெய்வோம்.

எத்தனை பேரிடம் பேசினால் போதும்?

இதற்கு ஒற்றை எண் கிடையாது. புதிதாகப் பேசுபவரிடமிருந்து புதிய செய்தி வராத நிலையை எட்டும்வரை பேச வேண்டும் என்பதே அடிப்படை. கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களைப் பகுத்துப் பார்த்த ஆய்வாளர் கிரெக் கெஸ்ற்றும் அவருடைய சகாக்களும், முதல் 12 நேர்காணல்களுக்குள்ளேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன என்று 2006இல் எழுதினார்கள். அன்றிலிருந்து 12 என்ற எண் பலருடைய பணி வரையறைகளில் மந்திரம்போல இடம்பெற்றுவருகிறது. அந்த ஆய்வில் பேசியவர்கள் ஓரளவு ஒரே நிலையில் இருந்தவர்கள் என்பதையும், கேட்ட கேள்விகள் ஒரே ஒழுங்கில் இருந்தன என்பதையும் மறந்துவிடக் கூடாது. முல்லைத்தீவுக் கரையோரத்தில் கரைவலை இழுப்பவர், சொந்தப் படகு வைத்திருப்பவர், மீன் வாங்கி விற்கும் பெண், கருவாடு போடும் பெண் ஆகிய நால்வரையும் மீனவர் என்ற ஒரு சொல்லில் அடக்கி, அந்த ஒரு சொல்லுக்கு 12 பேர் என்று கணக்கிட்டால் எந்தப் பிரிவைப் பற்றியும் உறுதியாக எதையும் சொல்ல முடியாது. ஒரு மாவட்டத்தில் ஒரு செயற்றிட்டத்தைப் பார்க்க 24 தனி நேர்காணல்களும் 8 குழுக் கலந்துரையாடல்களும் என்று தொடங்கி, களத்தில் கண்டதற்கேற்ப மாற்றிக்கொள்வது எங்கள் வழக்கம்.

ஆங்கிலத்தில் தயாரித்த கேள்விகளை நீங்கள் தமிழாக்கினால் போதாதா?

போதாது. தமிழில் அச்சடித்த கேள்வி இலக்கணப் பிழையின்றி இருந்தும், கேட்பவரும் பதில் சொல்பவரும் இரண்டு வேறு விடயங்களைப் பேசிக்கொண்டிருப்பதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். வாழ்வாதாரம் என்ற சொல்லையே பாருங்கள். நிறுவனத்தின் தாளில் அது ஒருவர் பிழைக்கும் வழியைக் குறிக்கிறது. ஆனால் உதவித் திட்டங்கள் பல ஆண்டுகள் வந்துபோன ஊர்களில், கோழிக்குஞ்சு, ஆடு, தையல் மெசின் என்று கொடுக்கப்பட்ட பொருளே வாழ்வாதாரம் என்று ஆகிவிட்டது. அங்கே போய், உங்கள் வாழ்வாதாரம் என்ன என்று கேட்டால், எங்களுக்கு இன்னும் வாழ்வாதாரம் தரவில்லை என்ற பதில் வரும். அதைப் பதிவுசெய்பவர், இந்தக் குடும்பத்துக்கு வருமானமே இல்லை என்று எழுதிக்கொண்டு போவார். வீட்டுச் செலவுக்குக் காசு எப்படி வருகிறது, போன மாதம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டிருந்தால் கூலிவேலை, சீட்டு, வெளிநாட்டிலிருக்கும் தம்பி அனுப்பும் காசு என்று எல்லாமே வந்திருக்கும். தாங்குதிறன், வலுவூட்டல், உள்வாங்கல் போன்ற சொற்களும் அப்படித்தான்: கூட்டத்தில் எல்லோரும் தலையசைப்பார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை நினைத்துக்கொள்வார்கள்.

சில சொற்கள் குழப்புவதோடு நிற்காமல் காயப்படுத்தியும் விடுகின்றன. கணவர் காணாமல் ஆக்கப்பட்ட ஒரு பெண்ணிடம் குடும்ப நிலையைக் கேட்கும்போது, படிவத்தில் இருப்பது திருமணமானவர், திருமணமாகாதவர், விதவை என்ற மூன்று கட்டங்கள்தான் என்றால், அவர் எந்தக் கட்டத்தில் புள்ளடி இட வேண்டும்? விதவை என்று இடுவது கணவர் இறந்துவிட்டார் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுப்பதாகும். அதற்கு மறுத்துத்தான் எத்தனையோ பெண்கள் ஆண்டுக்கணக்காகத் தெருவோரக் கொட்டில்களில் இருந்து போராடினார்கள். அரசின் சட்டமே 2016இல் திருத்தப்பட்டு, இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக ஒருவர் காணாமற்போயிருக்கிறார் என்ற சான்றிதழைப் பெற வழி திறந்தது. சட்டம் இடம் கொடுத்த பிறகும் நம்முடைய படிவங்கள் இடம் கொடுக்காமல் இருப்பது பெரும் பிழை.

ஆகவே நாங்கள் செய்வது இதுதான். ஆய்வின் நோக்கத்தை உங்களோடு பேசித் தெளிந்துகொண்டு, கேள்விகளைத் தமிழிலேயே புதிதாக எழுதுகிறோம். பிறகு மூன்று அல்லது நான்கு பேரிடம் கேட்டுப் பார்த்து, இந்தக் கேள்வியில் உங்களுக்கு என்ன விளங்கியது என்று அவர்களிடமே விசாரிக்கிறோம். மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், மன்னார், மலையகம் ஆகிய இடங்களின் பேச்சு ஒன்றுபோல் இல்லாததால், ஒவ்வோரிடத்துக்கும் அவ்விடத்துப் பேச்சறிந்த ஒருவரேனும் குழுவில் இருப்பார்.

கலந்துரையாடலுக்கு ஆட்களை எங்கள் உத்தியோகத்தர் அழைத்துத் தரலாமா?

அழைத்துத் தருவது உங்களுக்கு எளிது, எங்களுக்கும் எளிது. ஆனால் அங்கேயே ஆய்வின் பாதி முடிவு தீர்மானிக்கப்பட்டுவிடும். கிராம அலுவலர், கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர் ஆகிய மூவருக்கும் அழைப்பு எடுத்தால், மாலைக்குள் 12 பேர் கதிரைகளில் அமர்ந்திருப்பார்கள். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் எல்லாக் கூட்டங்களுக்கும் வருபவர்கள் அவர்களே, எல்லாப் பயனாளிப் பட்டியல்களிலும் இருப்பவர்களும் அவர்களே. பட்டியலில் இல்லாதவர் ஏன் இல்லை என்பதை அவர்களால் சொல்ல முடியாது, சில வேளை சொல்லவும் மாட்டார்கள்.

இதன் விளைவு எவ்வளவு பெரியதாக இருக்கும் என்பதைப் பாக்கு நீரிணைக்கு அப்பால், 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பார்த்தோம். தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அவர்களில் 6,000 பேருக்கு மேல் அந்த ஒரு மாவட்டத்தவர். மீனவர் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்து என்ற வலுவான அமைப்பு ஏற்கெனவே இருந்ததால், நிவாரணம் அதன் வழியே வேகமாகப் போய்ச் சேர்ந்தது. அந்த வேகம் பல உயிர்களுக்குத் துணையாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பஞ்சாயத்துகளில் அமர்ந்திருந்தவர்கள் ஆண்கள். தனித்து வாழ்ந்த பெண்களும், கரையில் கூலிவேலை செய்த, படகோ வலையோ சொந்தமாக இல்லாத தலித் குடும்பங்களும் பட்டியல்களுக்கு வெளியே நின்றார்கள். பட்டியல் எழுதியவர்களிடமே போய்க் கேட்டால் யாரும் விடுபடவில்லை என்ற பதிலே கிடைக்கும்.

நாங்கள் ஊருக்குள் நடந்து போகிறோம். ஊரின் கடைசி வீடு எது, கூட்டத்துக்கு வராதவர் யார், குடிபெயர்ந்து வந்து சேர்ந்தவர் யார் என்று விசாரித்து, முதல் ஒன்றிரண்டு நாட்களை அதற்கென்றே ஒதுக்குகிறோம். பணிக்கான நாட்களைக் குறைக்க வேண்டுமென்று கேட்பவர்கள் முதலில் வெட்டச் சொல்வது இந்த இரண்டு நாட்களைத்தான். அதற்கு நாங்கள் இணங்குவதில்லை.

எங்கே, எந்த நேரத்தில் பேசுவீர்கள்?

பேசுபவருக்கு வசதியான இடத்தில், அவருக்கு ஓய்வுள்ள நேரத்தில். பெரும்போக விதைப்பு நடக்கும் ஒக்டோபரிலும், அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களிலும் வன்னியில் விவசாயிகளைப் பகலில் உட்காரவைப்பது அவர்களுடைய கூலியைப் பறிப்பதற்கு ஒப்பானது. முஸ்லிம் கிராமங்களில் வெள்ளி நண்பகல் கூட்டம் வைக்கக் கூடாது என்பதை இன்னும் சொல்லவேண்டியிருப்பது வருத்தமளிக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் பேச, நிருவாகத்தின் அனுமதி பெற்றுப் பெரட்டுக் களத்தில் (காலையில் வேலைக்கு ஆட்களைப் பிரித்துவிடும் இடத்தில்) அமர்ந்தால், கங்காணியின் காதுக்கு எட்டும் தொலைவில் அவர் சொல்லக்கூடியதை மட்டுமே சொல்வார். அதே பெண் மாலையில் லயத்து வாசலில், பிள்ளைக்கு ரொட்டி சுட்டுக்கொண்டே பேசுவது வேறு பேச்சு. நாள் முழுவதும் மலையேறி நின்றவர் என்பதால், அந்தப் பேச்சை முக்கால் மணி நேரத்துக்கு மேல் நாங்கள் நீட்டுவதில்லை.

வழிநடத்துதல் என்றால் பயிற்சிப் பட்டறை நடத்துவதா?

அல்ல. பட்டறைக்கு வரும் வளவாளர் தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுப்பார். வழிநடத்துபவருக்கு விடை தெரியாது, தெரிந்தாலும் அதைச் சொல்வது அவருடைய வேலையல்ல. அறையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டு ஒரு முடிவுக்கு வரும்படி நேரத்தையும் வரிசையையும் பேச்சின் போக்கையும் பார்த்துக்கொள்வதே அவருடைய வேலை. பெரிய குரல் உடையவர் ஓய்ந்த பின்பு, இதுவரை பேசாதவர் பேசும்வரை மௌனத்தைப் பொறுத்துக்கொண்டிருப்பது எளிதாகத் தெரியலாம், ஆனால் அது பழகப் பழகத்தான் வரும்.

எங்களுக்குப் பிடித்த முறைகளில் பல இந்தியக் கிராமங்களில் உருவானவை. 1980களின் இறுதியிலும் 90களின் தொடக்கத்திலும் கர்நாடகத்தைத் தளமாகக் கொண்ட மைராடா நிறுவனத்தின் பணியாளர்களும், அவர்களோடு ஊர் ஊராகப் போன பிரித்தானிய அபிவிருத்தி ஆய்வாளர் ரொபேட் சேம்பர்ஸ் போன்றவர்களும், மக்கள் தங்கள் ஊர்ப் படத்தைத் தரையில் கோலப்பொடியாலும் விதைகளாலும் தாங்களே வரைந்து பகுத்துப் பார்க்கும் வழிகளை வளர்த்தார்கள். படத்தைத் தரையில் வரைவதற்கு ஒரு காரணம் உண்டு. தாளும் பேனையும் வந்தவுடன் படித்தவர் கையில் பேனை போய்விடும். தரையில் புளியங்கொட்டை வைக்க எந்தக் கையாலும் முடியும். பிழையென்றால் அடுத்தவர் குனிந்து நகர்த்திவைப்பார். குளத்து நீர் எந்த வயலுக்கு எட்டாது, மழைக்காலத்தில் எந்தப் பாதை முறியும் என்பதை ஓர் அம்மா கொட்டை வைத்துக் காட்டியபின் அதை யாராலும் மறுத்துப் பேச முடிவதில்லை. அதே முறையை, ஊருக்குள் ஒரு நாள் வந்து படம் வரையவைத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடும் சடங்காக ஆக்கியவர்களும் உண்டு. வரைந்த படத்தின் பிரதியை ஊரில் விட்டுவராத கூட்டத்தை நாங்கள் நடத்துவதில்லை.

எங்கள் உத்தியோகத்தர் உடனிருக்கலாமா?

அறிமுகம் செய்துவைக்க வரலாம். பேச்சு தொடங்கும்போது அவர் விலகியிருக்க வேண்டும். நிறுவனத்தின் வாகனமும் அந்த இடத்தில் நிற்கக் கூடாது. உதவி கொடுத்தவர் முன்னால் உதவியைக் குறை சொல்ல நம் மக்களுக்கு மனம் வராது.

சம்மதத்தையும் இரகசியத்தையும் எப்படிக் காக்கிறீர்கள்?

ஒரு தாளை வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்குவதால் மட்டும் சம்மதம் கிடைத்துவிடாது. போரின் பின்னான ஊர்களில், யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று பின்னர் விசாரித்து வருபவர்கள் இருந்த அனுபவம் மக்களுக்கு உண்டு என்பதால், கையொப்பமே சிலருக்கு அச்சம் தரும். அப்படிப்பட்ட இடங்களில் வாய்மொழிச் சம்மதமே போதும் என்று முடிவுசெய்கிறோம். நாங்கள் யார், யாருடைய பணத்தில் வந்திருக்கிறோம், சொல்வதால் உதவி கிடைக்கும் என்றோ மறுப்பதால் உதவி நின்றுபோகும் என்றோ இல்லை, எந்தக் கேள்வியையும் தவிர்க்கலாம், இடையில் எழுந்து போகலாம் என்பவற்றைச் சாதாரணப் பேச்சில் சொல்கிறோம். பேச்சு முடிந்தபின், இதைப் பயன்படுத்தலாமா என்று இன்னொரு தடவை கேட்கிறோம். தாம் என்னென்ன சொல்லியிருக்கிறோம் என்பது பேசிய பிறகுதானே ஒருவருக்குத் தெரியும்?

ஒலிப்பதிவில் பெயர் இருக்காது. பெயர்ப்பட்டியல் ஒலிப்பதிவிலிருந்து வேறாகப் பூட்டப்பட்டிருக்கும். ஒலிப்பதிவுகளை உங்களிடம் கையளிப்பதில்லை. இலங்கையில் 2022இல் நிறைவேறிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்பும் இதுவே எங்கள் முறை. அறிக்கையில் பெயரை மாற்றிவிட்டால் போதும் என்றும் நாங்கள் நினைப்பதில்லை. 60 குடும்பங்கள் மட்டுமுள்ள ஊரில், மூன்று பிள்ளைகளோடு பலசரக்குக் கடை நடத்தும் பெண் என்று எழுதினால் அவர் யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும்.

துயரமான அனுபவங்களைப் பற்றிக் கேட்கலாமா?

அதைக் கேட்காமல் உங்கள் கேள்விக்கு விடை காண முடியுமென்றால் கேட்காதீர்கள் என்பதே முதல் பதில். 2009இல் வன்னியிலிருந்து வெளியேறி முகாம்களில் இருந்த ஏறக்குறைய 3 இலட்சம் பேரில் பலரிடம், இடப்பெயர்வின் கதை எத்தனையோ தடவைகள் கேட்கப்பட்டிருக்கிறது. எழுதப்பட்டுவிட்ட ஒன்றை அவர்கள் வாயால் மீண்டும் சொல்லவைக்க நமக்கு உரிமையில்லை. கேட்டே ஆகவேண்டிய ஆய்வாயின், பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இயங்கும் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியைப் பெறும்படி கேட்போம். அந்த மாவட்டத்தில் உளசமூகப் பணியாளர் யார், மருத்துவமனையின் உளநலப் பிரிவு எந்த நாட்களில் இயங்குகிறது என்பதை முன்கூட்டியே அறிந்து வைத்திருப்போம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926, பெண்களுக்கான 1938 ஆகிய இலக்கங்களை எழுதிக் கொடுப்போம். ஒருவர் அழுதால் ஒலிப்பதிவை நிறுத்துகிறோம். மீண்டும் தொடங்குவதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

பங்கேற்பவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டுமா?

பேருந்துக் கட்டணம், சாப்பாடு, குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கான செலவு ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும்; நாட்கூலியை இழந்து வருபவருக்கு அந்தக் கூலியையும் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துகிறோம். உங்களுக்கும் எனக்கும் அந்த நாளுக்குச் சம்பளம் உண்டு.

எவ்வளவு காலம் எடுக்கும்?

மேலே சொன்ன 24 நேர்காணல்களும் 8 கலந்துரையாடல்களும் கொண்ட பணிக்கு 10 முதல் 12 கிழமைகள். களத்தில் செலவாவது அதில் மூன்று கிழமைகள் மட்டுமே என்றவுடன் பலர் வியக்கிறார்கள். ஒரு மணி நேரப் பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுத 4 முதல் 6 மணி நேரம் வேண்டும். ஒரே நேரத்தில் பலர் பேசும் குழுக் கலந்துரையாடலுக்கு இன்னும் அதிகம். பகுப்பாய்வைத் தமிழ் எழுத்துவடிவிலேயே செய்கிறோம், ஆங்கிலத்துக்கு மேற்கோள்களையும் முடிவுகளையும் மட்டும் கொண்டுபோகிறோம். முதலில் எல்லாவற்றையும் ஆங்கிலமாக்கிவிட்டுப் பகுத்தால், மனிதர் சொன்ன சொல் மறைந்து மொழிபெயர்த்தவரின் சொல்லே ஆய்வின் தரவாகிவிடும்.

முடிவுகள் எங்களுக்குச் சாதகமாக இல்லாவிட்டால்?

வரைவு அறிக்கையைப் பார்த்துத் தகவற் பிழைகளைத் திருத்த உங்களுக்கு உரிமை உண்டு. முடிவோடு உடன்படாவிட்டால் உங்கள் மறுப்பை அப்படியே பின்னிணைப்பாகச் சேர்ப்போம். முடிவை மாற்ற மாட்டோம். இதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்கிறோம். முன்பொரு முறை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனம் பயனாளித் தெரிவைப் பற்றிய ஒரு முழுப் பகுதியை நீக்கினால்தான் இறுதித் தொகையைத் தருவோம் என்றபோது, எழுத்தில் எதுவும் இல்லாததால் நாங்கள் மிகவும் அலைந்தோம்.

கண்டறிந்ததை மக்களிடம் திரும்பக் கொண்டுபோகும் கூட்டம் எதற்கு? எங்கள் வரவுசெலவில் அதற்கு இடமில்லையே.

இடம் ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். ஊரில் நாங்கள் அதிகம் கேட்கும் குறை உதவி போதாது என்பதல்ல; போன முறையும் ஆட்கள் வந்து எழுதிக்கொண்டு போனார்கள், பிறகு ஒன்றும் தெரியவில்லை என்பதே. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கரையோரப் பாதுகாப்பு வலயம் என்று தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என அறிவித்து, அதற்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள். கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் தொழில் செய்ய முடியும் என்று கரையில் இருந்தவர்கள் சொன்னது எவருடைய காதிலும் உடனே விழவில்லை; விதி பின்னர் தளர்த்தப்பட்டபோது, கரையிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டிய குடியிருப்புகளுக்குச் சிலர் ஏற்கெனவே அனுப்பப்பட்டிருந்தார்கள். சில கரைகளில் தேவைக்கு மேல் படகுகள் குவிந்தன, கடலுக்குத் தகாத படகுகளும் அவற்றில் இருந்தன. உதவிகளை ஆராய்ந்த சுனாமி மதிப்பீட்டுக் கூட்டமைப்பு 2006இல் வெளியிட்ட தொகுப்பறிக்கையும், உள்ளூர் மக்களின் சொந்த முயற்சிகளையும் முன்னுரிமைகளையும் ஒதுக்கிவிட்டு வெளியார் செயற்பட்டதைத்தான் முதன்மைக் குறையாகச் சுட்டிக்காட்டியது. உதவி நிறுவனங்கள் தாமாக ஏற்றுக்கொள்ளும் மனிதாபிமானப் பணிக்கான அடிப்படைத் தரநிலை 2014இல் முதன்முதலாக வெளிவந்தபோது, பாதிக்கப்பட்டோர் தகவல் பெறவும் தங்களைப் பற்றிய தீர்மானங்களில் பங்கெடுக்கவும் வேண்டும் என்பதை அதன் ஒன்பது கடப்பாடுகளில் ஒன்றாக வைத்தது. அதில் கையொப்பமிட்ட நிறுவனத்துக்கு இந்தக் கூட்டம் மேலதிகச் செலவாக இருக்க முடியாது.

கூட்டம் பெரிய ஏற்பாடல்ல. பேசிய ஊர்களுக்கு மீண்டும் போய், நீங்கள் சொன்னதை நாங்கள் இப்படி விளங்கிக்கொண்டோம், சரியா என்று அரை நாள் பேசுகிறோம். பெரிய எழுத்தில் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றைக் கொடுக்கிறோம், வாசிக்க முடியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறோம். எங்கள் முடிவு பிழையென்று மக்கள் அந்தக் கூட்டத்தில் திருத்திய அனுபவம் ஒருமுறையல்ல, பலமுறை உண்டு. ஒரு கிராமத்தில் குழாய்நீரை மக்கள் விரும்பவில்லை என்று எழுதியிருந்தோம். தண்ணீரையல்ல, மாதக் கட்டணம் கேட்டு வருபவர் நடந்துகொள்ளும் விதத்தைத்தான் சொன்னோம் என்று மூன்று பெண்கள் எழுந்து சொன்னார்கள். அந்தப் பந்தி முழுவதையும் மாற்றி எழுதினோம்.

பணியைப் பற்றிப் பேச முதலில் எதை அனுப்ப வேண்டும்?

நீண்ட பணி வரையறை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எந்தத் தீர்மானத்தை எடுப்பதற்காக இந்த ஆய்வு, அதை எடுப்பவர் யார், எந்தத் திகதிக்குள் எடுக்க வேண்டும், எந்தப் பிரதேச செயலகப் பிரிவுகள், ஏற்கெனவே என்ன ஆய்வுகள் இருக்கின்றன என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். பழைய அறிக்கைகள் இருந்தால் அவற்றையும் இணையுங்கள்: விடை அவற்றிலேயே இருக்குமானால், மக்களிடம் மீண்டும் போக வேண்டியதில்லை என்று எழுதி அனுப்பிவிடுவோம், அதற்குக் கட்டணம் இல்லை.